மறையனின் குறி

வல்லிபுரம் ஒரு மாட்டைக் கண்டால் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். பின்னந்தொடையைத்தான் பார்ப்பார். மட்டக்களப்பு வாவிக்கரையில் பட்டி வைத்து மாடு மேய்க்கிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். தொடையில் சூட்டுக்குறி இருக்கும். யாருடைய மாடு, எந்தக் குடி, எந்த ஊர் என்ற விலாசம் முழுவதும் அந்த நாலு கோட்டுக்குள் அடங்கிவிடும். குறி தெரிந்த பிறகு முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்ன அவசரம்?

அவருடைய பட்டியில் நூறுக்குக் கிட்ட மாடுகள் நின்றன. பாதிக்கு மேல் ஓட்டமாவடி மஜீட் ஹாஜியாருடைய குறி. மிச்சத்தில் கிரான் ஊர் வயல்காரப் போடியார் ஒருவருடைய மாடுகளும், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் நாலைந்து பசுக்களும் இருந்தன. வல்லிபுரத்தின் குறி ஒன்றிலும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர், விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை மாட்டோடு நிற்கிறவர், சொந்தமென்று ஒரு கன்றுக்குட்டிகூட இல்லாதவர். மேய்ச்சல் கூலியாகக் கிடைத்த கன்றுகளெல்லாம் தங்கையின் பிள்ளைகள் படிக்கப் போனபோது ஒவ்வொன்றாக விலைபோய்விட்டன.

தகப்பன் காலத்தில் சொந்த மாடுகள் இருந்தனதான். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊரை விட்டு ஓடியபோது மாடுகளும் போயின, குறிக்கம்பியும் போயிற்று. பிறகு கலியாணம் செய்தார். இந்தப் பக்கத்தில் வீடு வாசல் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். பிள்ளைகள் பிறக்கமுன் மனைவி காய்ச்சலில் கண்ணை மூடினாள். வீடு அவளுடைய தங்கைக்கென்று ஆனது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, நல்ல சனங்கள். அவராகத்தான் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பட்டிக்கு வந்தார். வாவியோரம் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கொட்டில் போட்டார். அதோடு சரி.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாய் கிடைத்தது.

மாரி தொடங்கி வயலில் விதைப்பு நடக்கும்போது மாடுகளை வயல்வட்டைக்குள் விடமுடியாது. பட்டி மாடுகளை ஓட்டிச் சாய்த்துக்கொண்டு வடக்கே கதிரவெளிப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போயிருந்த ஒரு மழைக்காலத்தில், தண்ணீர் ஏறிய பற்றைப் புதருக்குள் மாடுகளுக்கு நடுவில் ஒரு நாய் நின்றது. செம்மண் நிறம், முதுகிலும் காலிலும் வெள்ளைத் திட்டுகள். நடுங்கிக்கொண்டு நின்றது. வல்லிபுரம் என்ன செய்தார் தெரியுமா? நாயைப் பிடித்து, அதன் பின்னந்தொடை இரண்டையும் ரோமம் விலக்கிப் பார்த்தார். குறி இல்லை. அப்படியென்றால் யாருடையதும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு சோதனை தோன்றியிருக்காது. வெள்ளைத் திட்டு விழுந்த மாட்டை மறை என்பதுபோல நாய்க்கு மறையன் என்று பெயர் வைத்தார்.

அது மூன்று வருடத்துக்கு முந்திய கதை. அறுவடை முடிந்து பட்டி வாவிக்கரைக்குத் திரும்பியபோது மறையனும் கூடவே வந்தான். யாரும் பழக்காமலே மாடு திருப்பப் பழகினான். வல்லிபுரம் பேசிப் பேசிப் பழகினார். முன்பெல்லாம் நாள் முழுக்க "ஹேய்", "போ அங்கால" என்ற இரண்டு சொல்லோடு வாழ்ந்த மனிதர், இப்போது மழை வருமா, சோற்றுக்கு உப்புக் கூடிவிட்டதா, ஹாஜியார் ஏன் இன்னும் வரவில்லை என்பதெல்லாம் நாயிடம் கேட்டார். தன்னுடையது என்று வாயாரச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே உயிர் அதுதான்.

கரைச்சல் ஒரு லொறிக்காரனால் வந்தது. மாடு ஏற்ற வந்த அவன், மறையன் வேலை செய்கிற கெட்டித்தனத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, இறைச்சித் துண்டைக் காட்டி லொறிக்குள் ஏற்றிவிட்டான். வல்லிபுரம் ஓடிப்போய் முன்னுக்கு நின்றார்.

"என்ட நாயை இறக்கு."

"உன்ட நாயா? உன்ட பேர் எழுதிக் கிடக்கா அதில?"

பகிடிக்குச் சொன்னானோ என்னவோ, கடைசியில் இறக்கித்தான் விட்டான். ஆனால் அந்தச் சொல் வல்லிபுரத்தை விடவில்லை. பெயர் எழுதிக் கிடக்கிறதா? இல்லைதானே. நாளைக்கு வேறொருவன் ஏற்றிக்கொண்டு போனால் என்ன சொல்லி மறிப்பது? குறி சுடலாம் என்றால், மறையனின் தோலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைக்க அவருக்குக் கை வராது. எத்தனையோ மாட்டுக்குச் சூடு வைக்கக் காலைப் பிடித்துக் கொடுத்த மனிதர்தான்.

பட்டிக்கு ஊசி போட வருகிற மிருக வைத்தியர் பஹீமாவிடம் கேட்டார். ஏறாவூர்க்காரி, இளம் வயது, மாடு உதைத்தாலும் சிரிக்கிற சுபாவம்.

"டொக்டர் புள்ள, இவனுக்கு என்ட பேரைப் போட ஒரு வழி இல்லையா? சுடாம?"

"இரிக்கி ஐயா. சிப் எண்டு ஒண்டு. அரிசி மணியளவுதான். ஊசியால தோலுக்குள்ள போடுற. அதில ஒரு நம்பர் இரிக்கும். அந்த நம்பருக்கு உங்கட பேரும் போன் நம்பரும் கொம்பியூட்டரில பதிவாகும். எங்க துலைஞ்சாலும் மெஷினைப் பிடிச்சா உங்கட நாய் எண்டு தெரிஞ்சிரும்."

"என்ட பேர்?"

"உங்கட பேர்தான்."

வல்லிபுரத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். என்ட குறி, என்ட குறி என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டே காலம் போய்விட்டது. இனித் தானும் ஒருதரம் சொல்லலாம்.

குறித்த நாளில், பட்டியைப் பார்க்கத் தங்கையின் புருஷனை விட்டுவிட்டு, மறையனைக் குளிப்பாட்டி, தானும் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு ஓட்டோவில் வைத்தியரின் கிளினிக்குக்குப் போனார். மேசையில் ஏற்றியதுதான் தாமதம், நாயைச் சரித்துப் படுக்கவைத்து, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து, அதன்மேல் முழங்கையையும் ஊன்றிக்கொண்டார்.

"என்ன ஐயா செய்யிறீங்க?"

"பிடிக்கிறன் புள்ள. துள்ளுவான்."

"காலை விடுங்க! போடுறது தோள்மூட்டுக்கு நடுவில. இதென்ன பையில?"

"மஞ்சள் போட்டுக் காய்ச்சின எண்ணெய். புண்ணுக்குப் பூச."

வைத்தியர் சிரித்த சிரிப்பில் மறையனே எழும்பி வாலாட்டினான். "புண்ணே வராது ஐயா. பொறுங்க, போடுறதுக்கு முன்ன மெஷினால ஒருக்காப் பாக்கிறது எங்கட வழக்கம்" என்று கையடக்கமான ஒரு கருவியை நாயின் முதுகில் நகர்த்தினார். கருவி 'பீப்' என்றது.

வைத்தியரின் சிரிப்பு நின்றது. திரும்பவும் நகர்த்தினார். திரும்பவும் 'பீப்'.

"ஐயா, இவனுக்குச் சிப் போட்டிரிக்கி."

"அதுக்குள்ள போட்டு முடிச்சிட்டீங்களா?" வல்லிபுரத்தின் முகம் மலர்ந்தது. "நொந்த மாதிரியே தெரியல்ல புள்ள. கைராசிதான்."

"நான் போடல்ல ஐயா. முந்தியே ஆரோ போட்டது."

விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் நாயின் தொடையைப் பார்த்தார். பழக்கதோஷம். பிறகு வைத்தியரைப் பார்த்தார்.

"ஆருட குறி?"

பஹீமா கணினியில் நம்பரைத் தட்டினார். கொழும்பில் போட்ட சிப். தனுஷா என்று ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண். வல்லிபுரம் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். வெள்ளைச் சேர்ட் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மறையன் மேசையிலிருந்து குதித்து வந்து அவருடைய செருப்பின் மேல் படுத்துக்கொண்டான்.

வைத்தியருக்கு மனம் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

"மூணு வருஷமா நீங்கதானே பாக்கிறீங்க ஐயா. இந்த நம்பர் இப்ப வேலை செய்யுதோ தெரியா. நீங்க நாயைக் கூட்டிட்டுப் போங்க. நான் ஒண்டும் பாக்கல்ல எண்டு வெச்சிக்கிறன்."

வல்லிபுரம் புண்ணியவான் ஒன்றும் இல்லை. 'சரி' என்ற சொல் அவருடைய தொண்டைவரை வந்துவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது? தோலுக்குள்ளே இருக்கிற குறி, கண்ணுக்குத் தெரியாத குறி. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டதே. முன்பு ஒருமுறை வேறு குறியோடு ஒரு சினைப்பசு அவருடைய பட்டியில் வந்து சேர்ந்தபோது, கடற்கரை வழியே கதிரவெளிவரை நடத்திக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தவர். குறி இல்லாத மாடு என்றால் பத்து நியாயம் பேசலாம். குறி கண்டால் பேச ஒன்றுமில்லை. பட்டிக்காரனிடம் சனங்கள் மாட்டை நம்பி விடுவது அந்த ஒன்றுக்காகத்தான்.

"கோல் எடுங்க புள்ள" என்றார். "குறி கண்ட பிறகு காணாத மாதிரி எப்பிடி நிக்கிற?"

நம்பர் வேலை செய்தது. வைத்தியர் விஷயத்தைச் சொன்னார். மறுபக்கத்தில் ஒரு பெண்ணின் அழுகை அறை முழுக்கக் கேட்டது.

"பிஸ்கட் உசிரோட இரிக்கானா? டொக்டர், என்ட பிஸ்கட்டா?"

மறையன் தலையைத் தூக்கினான். காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. வல்லிபுரம் வேண்டுமென்றே சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனுஷா மட்டக்களப்பில் பிறந்தவள்; கொழும்பிலிருந்து திரும்பி இப்போது நகரத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

இடையில் இருந்த நாட்களை எப்படிக் கழித்தார் என்று கேட்டால் வல்லிபுரம் ஒன்றும் சொல்லமாட்டார். நாயோடு கோபித்துக்கொண்டு திரிந்தார் என்பதுதான் உண்மை. "பிஸ்கட்டாம் பிஸ்கட். ஒரு நாய்க்கு வைக்கிற பேரா அது? எனக்குச் சொல்லவே இல்லையே நீ" என்று ஏசினார். ஏசிக்கொண்டே தன் பங்கு மீனையும் எடுத்து அதன் சட்டிக்குள் போட்டார். மறந்திருப்பான், மூன்று வருடம் சும்மாவா, அந்தப் பிள்ளையைக் கண்டால் குரைப்பான் என்று ஒரு நப்பாசை உள்ளுக்குள் இருந்தது. அப்படி நினைப்பதற்காகத் தன்னையும் ஏசிக்கொண்டார்.

சனிக்கிழமை பின்னேரம் ஓட்டோ வந்து வேப்பமரத்தடியில் நின்றது. முப்பத்தைந்து வயதிருக்கும், நீலச் சுடிதார் போட்ட மெலிந்த பெண் இறங்கினாள். இறங்கினாள் என்று சொல்வது சரியில்லை; ஒரு கால் நிலத்தில் படுமுன்னே மறையன் அவள்மேல் பாய்ந்துவிட்டான். ஊளையா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். அவளை மூன்று சுற்றுச் சுற்றி, மண்ணில் புரண்டு, மூத்திரமும் பெய்து, முகத்தை நக்கி, ஆளையே மண்ணில் உட்கார வைத்துவிட்டான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நப்பாசை அந்த இடத்தில் செத்தது. வல்லிபுரத்துக்கு நெஞ்சு வலித்தது; அதோடு, சொல்லப்போனால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நன்றி உள்ள நாய். தன் நாய் என்று நினைத்த நாய் நன்றி உள்ளதுதான்.

"எங்க மகள் துலைச்சீங்க?" என்று கேட்டார்.

"திருகோணமலையில இருந்து வேனில வந்தம் ஐயா. கதிரவெளியில நிப்பாட்டின நேரம் பெரிய இடி ஒண்டு. கதவு திறந்து கிடந்தது, பாஞ்சிட்டான். பொழுதுபடும்வரை தேடினம். பிறகும் மூணு தரம் போய்த் தேடினன். வெள்ளத்தில போயிட்டான் எண்டுதான் எல்லாரும் சொன்ன."

"இடிக்கு இப்பவும் பயம்தான். இடிச்சா கால்மாட்டில படுக்க விடுங்க. உறைப்புப் போடாதீங்க, வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது. பின்னேரத்தில பிளேன்டீ ஒரு வாய் கேப்பான், சீனி போட்டுத்தான் குடிப்பான்." சொல்லிக்கொண்டே போனவர் இடையில் நிறுத்தி, "உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

"பிளேன்டீ தெரியாது" என்றாள் தனுஷா.

அவள் புதிதாக வாங்கி வந்த கழுத்துப் பெல்ட்டை எடுத்தாள். வல்லிபுரமே அதை வாங்கி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்திப் பூட்டிவிட்டார். பூட்டிய பிறகும் நாயின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பத் தொடங்கின. சேற்றைக் கடந்து வரிசையாக வந்தன. ஹாஜியாருடைய கன்று ஒன்று வழமைபோல வரிசையை விட்டு ரோட்டுப் பக்கம் ஓடியது. யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தனுஷாவின் மடியில் தலை வைத்திருந்த நாய் அம்பாகப் பாய்ந்து போய், கன்றின் முன்னால் ஒரு வளையம் போட்டு, குரைக்காமல் கடிக்காமல் அதைத் தாய்ப்பசுவின் பக்கத்தில் கொண்டு வந்து சேர்த்தான். பிறகு கடைசி மாடு பட்டிக்குள் போகும்வரை வாசலில் நின்றான். அதன் பிறகுதான் அவளிடம் திரும்பி ஓடி வந்தான், நாக்குத் தொங்க, உடம்பெல்லாம் சேறோடு.

தனுஷா பட்டியையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓட்டோக்காரன் ஒருதரம் ஹோர்ன் அடித்துப் பார்த்தான்.

"நாங்க மேல்மாடியில வாடகைக்கு இரிக்கம் ஐயா" என்றாள் கடைசியில். "நானும் அவரும் காலையில வேலைக்குப் போனா பின்னேரம்தான். முந்தியும் அப்பிடித்தான். இவன் நாள் முழுக்கப் பூட்டின கதவைப் பாத்துக்கொண்டு படுத்திருப்பான். அதுதான் இவன்ட குணம் எண்டு நினைச்சன். சோம்பேறி எண்டு பேசியும் இரிக்கன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் கொண்டு போகல்ல. உங்களோட நிக்கட்டும்."

சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்குக் கோபம் வந்தது. "என்ன கதை மகள் இது? குறி உங்கட. வந்திரிக்கிறீங்க, அவனும் உங்களைக் கண்டு உருண்டு பிரண்டு அழுறான். கொண்டு போங்க!"

"உங்கட பட்டியில நிக்கிற மாடெல்லாம் ஆருட குறி?"

"எல்லாம் மத்த ஆக்கள்ற."

"அவங்க கொண்டு போறாங்களா?"

"அது... அவங்க பட்டியில விட்டிருக்காங்க."

"அப்ப நானும் விட்டிருக்கன் எண்டு வைங்க."

இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பட்டி வழக்கத்தை வைத்தே மடக்கிவிட்டாள். மறையன் போகமாட்டான், அது போதும், அதற்கு மேல் ஆசைப்பட அவருக்கு என்ன உரிமை? ஆனாலும் ஒரு சின்ன முள் உள்ளே கிடந்து குத்தியது. நூறு மாட்டோடு சேர்த்து இதுவும் மற்றவருடைய குறிதான். வாய் திறந்து அதைச் சொல்வாரா அவர்? "சரி மகள், நல்லாப் பாத்துக்கொள்ளுவன்" என்றார்.

தனுஷா போனை எடுத்தாள்.

"டொக்டர் எனக்கு எல்லாம் சொன்னவ. நீங்க என்னத்துக்கு இவனைக் கிளினிக்குக்குக் கொண்டு போன எண்டும் சொன்னவ." மறுபக்கத்தில் பஹீமா வந்ததும், "டொக்டர், நான் தனுஷா. பிஸ்கட்ட பதிவை மாத்தவேணும். என்ட பேரை எடுத்துட்டு ஐயாட பேரைப் போடுங்க" என்று சொல்லி, போனை வல்லிபுரத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"முழுப்பேரைச் சொல்லுங்க ஐயா" என்றது வைத்தியரின் குரல்.

முழுப்பெயரை யாரும் அவரிடம் கேட்டு எவ்வளவு காலம்! எல்லோருக்கும் அவர் பட்டிக்காரர். வல்லிபுரம் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"சாமித்தம்பி வல்லிபுரம்."

"நாய்ட பேர்?"

அவர் தனுஷாவைப் பார்த்தார். அவள், "மறையன்" என்றாள்.

வல்லிபுரத்தின் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. இனி எந்த லொறிக்காரனும் கேட்கட்டும். மெஷினைக் கொண்டு வந்து பிடித்துப் பார்க்கட்டும். ஒரு உயிரின் மேல் தன் பெயர் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் நின்றவருக்குத் திடீரென்று வேறொரு யோசனை வந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் கேட்டார்.

"டொக்டர் புள்ள, இந்தப் புள்ளட நம்பரை அழிச்சிட்டீங்களா?"

"இனித்தான் அழிக்கவேணும். ஏன் ஐயா?"

"அழிக்காதீங்க. எனக்குப் பின்னால வைங்க. எனக்கு ஐம்பத்தெட்டு வயசு புள்ள. கொட்டிலில தனியத்தான் படுக்கிறன். எனக்கு ஒண்டு எண்டா இவன் ஆரிட்டப் போற?"

பட்டிக்குள் மாடுகள் அசைபோடத் தொடங்கியிருந்தன.

"வைக்கலாம் ஐயா" என்றார் பஹீமா. "ரெண்டாவது நம்பரா வைக்கிறன்."

தனுஷா சேறு படிந்த நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிலத்திலேயே இருந்தாள். "என்னட்டத்தான் வருவான் மாமா" என்றாள். "ஆனா அதுக்குத்தான் கோல் வரவேணும் எண்டு இல்லையே. உங்களுக்கு ஒரு காய்ச்சல் தலையிடி எண்டாலும் அந்த நம்பருக்கு எடுங்க. நான் எடுப்பன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். தங்கையைத் தவிர, சுகமில்லை என்று எடுப்பதற்கு ஒரு நம்பர் அதுவரை அவருடைய போனில் இருந்ததில்லை. தன் போனை எடுத்து அவளிடமே கொடுத்து, நம்பரைப் பதிந்து தரச் சொன்னார்.